திருநெல்வேலிச் சீமையில் குழந்தைகளோடு குடியிருக்கக் கேரவன் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேரவன் என்றதும் நம் பக்கத்தில் பலருக்கும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மடிக்கணினியில் வேலை பார்க்கும் இளம் தம்பதிகளும், ஊர் ஊராகக் கோயில் கொடைகளுக்குக் கடை போடப் போகிறவர்களும் இப்போது வேறொரு கேள்வியோடு வருகிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் குழந்தைகளோடு வண்டியிலேயே சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ வாழ முடியுமா, முடியும் என்றால் எந்த வண்டி?

முடியும். ஆனால் அதற்கான வண்டி, விடுமுறைக்கு நான்கு நாள் போய்வரும் வண்டி அல்ல. தாய், தந்தை, ஏழு வயதுக்கு உட்பட்ட ஒன்றிரண்டு குழந்தைகள் என்ற குடும்பத்தை மனத்தில் வைத்து, பாபநாசத்திலிருந்து உவரி வரை உள்ள நம் வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் கணக்கில் கொண்டு இதை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் வண்டி விளம்பரத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். குடும்பம் குடியிருக்கும் வண்டி ஒரு நாளில் இரண்டு மணி நேரம் ஓடினால் அதிகம். மீதி 22 மணி நேரமும் அது ஓரிடத்தில் நிற்கிறது. ஆகவே அது எங்கே நிற்கும், நிற்கும்போது உள்ளே என்ன நடக்கும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

முதல் படி: நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு தாளை எடுத்து, மாதத்துக்கு எத்தனை இரவு எங்கே நிற்பீர்கள் என்று எழுதுங்கள். அம்மா வீட்டு முற்றம், சித்தப்பாவின் தோப்பு, திருச்செந்தூரில் வாகன நிறுத்துமிடம், நான்குவழிச் சாலையோரப் பெட்ரோல் பங்க், தெரிந்தவரின் கல்யாண மண்டபம் என்று பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரங்கள் வேண்டும்: வண்டி உள்ளே போகும் பாதையின் அகலம், மேலே தொங்கும் மின்கம்பியின் உயரம், நல்ல தண்ணீர், இரவில் தாயும் குழந்தையும் பயமின்றி இறங்கி நடக்க முடியுமா என்பது. இந்த நான்காவதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். அது இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் குடும்பத்துக்கு உதவாது.

மண்ணையும் பாருங்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கோடையில் பாறைபோல இருக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் டயரை விடாது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் மூன்று டன் வண்டி ஓர் அடி தவறினாலும் அச்சு வரை புதையும். அங்கெல்லாம் தார்ச்சாலையையோ கெட்டியான சரளைத் தரையையோ விட்டு இறங்காமல் நிற்பதற்கு இடம் பார்க்க வேண்டும்.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் ஓர் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி இரவு தங்குவது பலருடைய கனவு. அது நடக்காது, நடக்கவும் கூடாது. பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது. வனத்துறை அனுமதித்த விடுதிகள் தவிர வேறெங்கும் தங்க இயலாது. மலையடிவாரத்து ஊர்களுக்குச் சிறுத்தை வந்துபோவதும் உண்டு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் ஆகிய ஊர்களுக்குள்ளேயே வேலிபோட்ட இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மலையும் கண்ணுக்குத் தெரியும், மருந்துக்கடையும் பக்கத்தில் இருக்கும்.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னைக்கு அடியில் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். காயும் மட்டையும் விழுவது வண்டிக்கூரைக்கு மட்டும் ஆபத்தல்ல, வாசலில் விளையாடும் குழந்தைக்கும் ஆபத்து. வேம்பும் புளியும் நல்ல நிழல். ஆனால் நிழலில் நிற்கும் வண்டியின் கூரையில் சோலார் பலகை வேலை செய்யாது. இந்த முரண்பாடு நம் பக்கத்துக் கேரவன் வாழ்க்கை முழுவதும் உடன்வரும். கூரையில் பாதியும், பத்து மீட்டர் வயரோடு வெயிலில் கொண்டுபோய் வைக்கக்கூடிய பலகைகளாகப் பாதியும் வாங்குவதே இதற்கு நான் கண்ட சரியான வழி.

இரண்டாம் படி: குழந்தைக்கு இருக்கை, குழந்தைக்குப் படுக்கை

வண்டிக்குள் எதை வைக்கலாம் என்று வரைபடம் போடுவதற்கு முன் ஓடும்போது எல்லோரும் எங்கே உட்காருவார்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் முன்னோக்கிய, மூன்றுமுனை பெல்ட் உள்ள இருக்கை வேண்டும். பக்கவாட்டு சோபாவில் பெல்ட் போட்டு உட்கார்ந்தாலும் மோதலில் அது காப்பாற்றாது. குழந்தை இருக்கையை அதில் பொருத்தவும் முடியாது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிச்சென்றால் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். நான்குவழிச் சாலையில் திடீரென்று மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்தால் படுக்கையில் தூங்கும் குழந்தை கண்ணாடிவரை வந்துவிடும். ஓடும் வண்டியில் யாரும் படுக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் தாத்தா, பாட்டி சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படுக்கையில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று: குறைந்தது ஒரு படுக்கையாவது நிலையாக விரித்தபடி இருக்க வேண்டும். பகலில் மேசை, இரவில் மெத்தை என்று மடக்கும் அமைப்பு படத்தில் அழகாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்குத் தூங்கும் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அது ஒரு வாரம் தாங்காது. அப்பா மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார், குழந்தை மேசைமேல் தூங்க வேண்டியிருக்கும். பின்பக்கத்தில் குறுக்காகப் பெரியவர்கள் படுக்கை, அதை ஒட்டி ஒரு பக்கத்தில் ஐந்தடி நீளம், இரண்டடி அகலத்தில் குழந்தைப் படுக்கை என்பது பெரும்பாலான வேன்களில் பொருந்தும். ஆறடிக்கு மேல் உயரமானவர் குறுக்கே படுக்க முடியாது. அவருக்கு நீளவாக்கில் இடம் விட வேண்டும். மேல்தட்டுப் படுக்கை வைத்தால் விளிம்பில் ஓர் அடி உயரத் தடுப்பு அவசியம். ஐந்து வயதாகும் முன் யாரையும் மேலே ஏற்ற வேண்டாம்.

கைக்குழந்தை இருந்தால் தொட்டில் கொக்கி கேளுங்கள். வெளிநாட்டு வரைபடங்களில் இது இருக்காது. நமக்கு இது இல்லாமல் முடியாது. கூரைத் தகட்டில் துளைபோட்டு மாட்டும் கொக்கி இழுபட்டுக் கழன்றுவிடும். கூரையின் குறுக்குச் சட்டத்தில் வெல்டு செய்த கொக்கியாக இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்த பிறகுதான் சேலையைக் கட்ட வேண்டும். வண்டி நிற்கும்போது மட்டுமே தொட்டில் ஆட வேண்டும்.

மூன்றாம் படி: உடலமைப்பு

இப்போது வண்டிக்கு வரலாம். நம் சாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஏற்றவை இவை.

டாடா விங்கர் தாழ்வான தளம் உடையது. கைக்குழந்தையோடு ஏறி இறங்க எளிது, ஓட்டுவதும் ஏறக்குறையக் கார் ஓட்டுவதுபோலத்தான். கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் போதும்.

ஃபோர்ஸ் டிராவலர், நம் ஊரில் டெம்போ டிராவலர் என்று எல்லோரும் சொல்லும் வண்டி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 3050, 3350, 3700, 4020 மில்லிமீட்டர் என நான்கு நீளங்களில் வந்திருக்கிறது. இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு என் தேர்வு 3700. பேருந்து போகும் எந்த ஊருக்கும் இது போகும். இதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக் வள்ளியூரிலும் கிடைப்பார், தென்காசியிலும் கிடைப்பார். அதுதான் இதன் பெரும் பலம். 4020 இன்னும் ஒரு கைநீளம் தாராளம். ஆனால் கிராமத் தெருக்களில் திரும்பும்போது கணவன் மனைவி சண்டை வருமளவுக்குச் சிரமம்.

ஃபோர்ஸ் அர்பானியா புதியது, ஓட்டத்தில் மென்மையானது, பாதுகாப்பு வசதிகளில் மேலானது. விலையும் மேல். பணம் இருந்தால் வாங்கலாம். ஆனால் உள்ளே வீடு கட்டுவதற்கான தொகையை வண்டியே விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மினி பேருந்தின் சேஸிஸ்மீது, அதாவது அடிச்சட்டத்தின்மீது, கட்டிய பெரிய கேரவன்கள், நிரந்தரமாக ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு மட்டும். அக்கிரகாரத் தெருவிலும் ரயில்வே சுரங்கப்பாதையிலும் அவை மாட்டிக்கொள்ளும். காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர் வகையை இளம் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், பின்னோக்கி எடுப்பது தனிக்கலை, ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

எதுவானாலும் வீட்டில் உயரமானவர் உள்ளே நின்று பார்க்க வேண்டும். தரைக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்பும் பலகையும் போட்ட பிறகு ஏழெட்டு சென்டிமீட்டர் குறைந்துவிடும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். நிமிர முடியாமல் தினமும் சமைக்கிறவரின் இடுப்பு ஒரு மாதத்தில் பதில் சொல்லிவிடும்.

நான்காம் படி: எடைக்கணக்கு

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: வெற்று எடை, சுமையோடு சேர்த்த மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீடு. அதற்குள் மரவேலை, பேட்டரி, தண்ணீர், துணிமணி, பாத்திரம், மனிதர்கள் எல்லாம் அடங்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் தொட்டி நிறைந்தால் 200 கிலோ. எட்டுக்கு நான்கு அடியில் 19 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று 35 கிலோவுக்கு மேல் இருக்கும். அலமாரி, கட்டில், அடுப்படி என்று பத்துப் பலகை போட்டால் அதுவே 350 கிலோ. வீட்டு மரவேலை செய்யும் தச்சர்கள் கனமாகப் போடுவதைத்தான் உறுதி என்று நினைப்பார்கள். வண்டிக்கு 9 அல்லது 12 மில்லிமீட்டர் பலகையும் அலுமினியச் சட்டமும் போதும் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். வேலை பாதி முடிந்ததும் ஒரு முறை, முழுவதும் முடிந்து தொட்டியை நிரப்பியதும் ஒரு முறை எடைமேடையில் ஏற்றுங்கள். நெல்லும் அரிசியும் எடைபோடும் மேடைகள் நம் ஊரில் சாலைக்குச் சாலை இருக்கின்றன. முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை பார்த்தால் இன்னும் நல்லது. தொட்டியும் பேட்டரியும் பின்கோடியில் குவிந்திருந்தால் முன்சக்கரத்தில் பிடிப்பு குறைந்துவிடும்.

ஐந்தாம் படி: வெயில்

நம் பக்கத்தில் கேரவன் வாழ்க்கையை முடிவுசெய்வது இதுதான். பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசியில் 38 முதல் 40 டிகிரி வரை போகும். இரும்புக்கூடு அதற்கும் மேலே போகும். ஒருகாலும் குழந்தையை மூடிய வண்டியில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் உள்வெப்பம் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி ஏறிவிடும்.

வெள்ளை நிற வண்டியையே வாங்குங்கள். கறுப்பும் சாம்பலும் படத்துக்குத்தான். வெப்பத்தடுப்புக்குப் பணம் குறைவாக இருந்தால் முதலில் கூரைக்குச் செலவழியுங்கள், பிறகு மேற்குப் பார்த்து நிற்கப்போகும் பக்கத்துக்கு, கடைசியாகத் தரைக்கு. ஏசி குழாய்களில் சுற்றும் மூடிய துளை கொண்ட ரப்பர் நுரை நல்ல தேர்வு. ஈரம் இழுக்காது, தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக் கம்பளி ஈரம் பிடித்தால் கீழே தொங்கிவிடும், அதன் தூசி குழந்தைகளுக்கும் ஆகாது. சோலார் பலகைகளைக் கூரையோடு ஒட்டாமல் ஐந்தாறு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தினால் அவையே இரண்டாவது கூரையாகி நிழல் தரும்.

காற்றுக்குக் கூரையில் ஓர் உறிஞ்சுவிசிறி, கீழே எதிரெதிரே திறக்கும் ஜன்னல்கள். திறக்க முடியாத கண்ணாடி போட்ட சுற்றுலா வேனை வாங்கினால் கண்ணாடியை மாற்றித் திறக்கும் ஜன்னலாக்குவதற்கும் தனித்தொகை ஒதுக்குங்கள். எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை, அதுவும் இரும்பு வலை. பாபநாசத்தில் நைலான் வலையைக் குரங்கு ஒரே இழுப்பில் கிழித்துவிடும்.

நிறுத்தும் திசை இலவச ஏசி. வண்டியின் நீளம் கிழக்கு மேற்காக, பின்பக்கம் மேற்கே இருக்கட்டும். மாலை வெயில் நீண்ட பக்கங்களில் விழாது, முன்கண்ணாடியும் தப்பும். ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்றும் பக்கவாட்டில் தள்ளாமல் பின்புறத்தில் மோதிப் பிரிந்துபோகும்.

படுக்கைக்குத் தடித்த நுரைமெத்தை வேண்டாம். மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை, அதன்மேல் பத்தமடைப் பாய். கோரைக்குள் காற்று ஓடும், குழந்தையின் முதுகில் வேர்க்குரு வராது. சுருட்டி வைத்தால் இடமும் அடைக்காது.

ஆறாம் படி: தண்ணீரும் கழிப்பறையும்

சிக்கனமாக இருந்தால் நால்வருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 80 லிட்டர் போதும்: குடிக்க, சமைக்க 15, குளிக்க 40, பாத்திரத்துக்கு 10, குழந்தையைக் கழுவவும் கை கால் அலம்பவும் 15. இரண்டு நாளுக்கு 160 லிட்டர். அதற்குமேல் தொட்டி வைத்தால் எடைக்கணக்கு இடிக்கும். குடிதண்ணீருக்குத் தனியாக 20 லிட்டர் கேன் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணிக் கரையோர ஊர்களில் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை. ராதாபுரம், திசையன்விளை, கடற்கரைப் பக்கம் போனால் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அதைத் தொட்டியில் ஏற்றினால் பம்பிலும் குழாய்முனையிலும் வெள்ளையாகப் படியும். பம்புக்கு முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி வையுங்கள். தொட்டிக்குள் கை நுழையும் அளவு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். கையை விட்டுத் தேய்த்துக் கழுவ முடியாத தொட்டியில் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

கழிப்பறைக்கு, அடியில் உருவி எடுக்கும் பெட்டி உள்ள வகை நடைமுறைக்கு ஏற்றது. அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 20 லிட்டருக்குள். குடும்பத்துக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் வரும். கொட்டும் இடம் செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறை மட்டுமே. உறவினர் வீடோ கட்டணக் கழிப்பிடமோ பார்த்து, கேட்டுச் செய்யுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் அடியில் ஒரு தொட்டி கட்டாயம் வேண்டும். அதைத் திறந்து வாய்க்காலிலோ ஓடையிலோ விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த வாய்க்கால் கன்னடியன் கால்வாயாகவோ நெல்லைக் கால்வாயாகவோ இருக்கும். அடுத்த ஊரில் அதில் ஒரு குழந்தை குளித்துக்கொண்டிருக்கும். படித்துறையில் குளிக்கும்போதும் சோப்பு, ஷாம்பு உறைகளை ஆற்றில் விடாமல் கையோடு கொண்டுவாருங்கள்.

வண்டியில் குளியலறைக்கு எத்தனை இடம் ஒதுக்குவது என்பதில் என் எண்ணம் இதுதான்: ஆறும் பம்புசெட்டும் கிணறும் உள்ள ஊரில் தினக்குளியலுக்கு வெளியே வழியுண்டு. ஆனால் பெண்களுக்கும் மழைநாளுக்கும் நோயுற்ற குழந்தைக்கும் உள்ளே கதவு மூடிய ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும். மூன்றடிக்கு இரண்டரையடி போதும்.

ஏழாம் படி: மின்சாரம்

யார் சொல்லும் தொகுப்பையும் வாங்காமல் உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். 25 வாட் டி.சி. விசிறி (பேட்டரியில் நேரடியாக ஓடுவது) இரண்டு, 14 மணி நேரம்: 700 வாட்மணி. சிறிய கம்பிரசர் குளிர்பெட்டி நம் வெயிலில் ஏறத்தாழ 500. இரண்டு மடிக்கணினி ஆறு மணி நேரம்: 600. விளக்கு, கைபேசி, பம்பு எல்லாம் சேர்த்து 140. மொத்தம் 1,940. ஆயிரம் வாட்மணி ஒரு யூனிட், ஆகவே சுமார் இரண்டு யூனிட்.

600 வாட் சோலார் பலகை இழப்புகள் போக நல்ல வெயில்நாளில் 2.4 யூனிட் கொடுக்கும். அதற்கு மூன்று சதுர மீட்டர் இடம் வேண்டும். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 2.56 யூனிட் சேமிக்கலாம். எடை 25 கிலோ அளவில். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர்மணி ஈய அமிலப் பேட்டரி ஒன்றே 50 கிலோவைத் தாண்டும், அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். லித்தியம் விலை அதிகமானாலும் குடியிருக்கும் வண்டிக்கு அதுதான்.

ஏசி? ஒரு டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்தாறு யூனிட் கேட்கும். மேலே சொன்ன பேட்டரியைப்போல் இரண்டு மூன்று வேண்டும். ஆகவே வெளிமின்சாரம் கிடைக்கும் இடத்தில் மட்டும் ஏசி என்று வைத்துக்கொள்வது நல்லது. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவது ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. பிஎஸ்6 என்ற புதிய புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் எஞ்சினை நின்றபடியே நெடுநேரம் ஓடவிட்டால் புகைக்குழாயின் வடிகட்டியும் கரி அடைத்துக்கொள்ளும்.

வெளிமின்சாரத்துக்கு 15 ஆம்பியர் பிளக், முறையான எர்த் வயர், 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி. இரும்பு உடம்புள்ள வண்டியை மழையில் வெறுங்காலோடு குழந்தை தொடும் என்பதை நினைத்து இதைச் செய்யுங்கள்.

எட்டாம் படி: அடுப்படி

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். குழந்தைகள் தூங்கும் உயரமும் அதுதான். சிலிண்டருக்கு வெளிப்புறமாகத் திறக்கும் தனி அறை, அதன் அடித்தளத்தில் வெளியே போகும் துளை, தரையை ஒட்டி ஒரு கசிவு எச்சரிக்கைக் கருவி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் ஆகியவை இல்லாமல் கேஸ் வைக்காதீர்கள். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டருக்குப் பதில் 5 கிலோ சிலிண்டர் போதும். வண்டி ஓடும்போது அதன் வால்வு மூடியிருக்க வேண்டும். வெளிமின்சாரம் கிடைக்கும் நாளில் இண்டக்‌ஷன் அடுப்பு. அடுப்பைப் பக்கக் கதவை ஒட்டி வைத்தால் தாளிக்கும் புகை வெளியே போகும். ஆனால் குழந்தை ஏறும் வழியும் அதுவாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

ஒன்பதாம் படி: காற்றும் மழையும்

வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாய் நோக்கிப் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே காற்றாலைகள் காரணமில்லாமல் நிற்கவில்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை உயரமான வேனை அந்தக் காற்று தடம் மாற்றித் தள்ளும். வேகத்தைக் குறையுங்கள், கூரைமேல் பெட்டி கட்டாதீர்கள், பக்கவாட்டுப் பந்தலை இரவில் விரித்து வைக்காதீர்கள். வண்டி வாங்கும்போது காற்றுநாளில் ஓட்டிப் பார்க்க முடிந்தால் விடாதீர்கள்.

மழைக்கு 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரைகடந்து திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் வந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை ஆற்றங்கரையிலும் குளத்தின் கீழ்ப்புறத்திலும் இரவு நிறுத்த வேண்டாம். குற்றாலச் சாரலில் நனைந்தால் இதம். ஆனால் கூரைவிசிறியின் ஓரத்தில் ஒழுகும் வண்டி அந்தச் சாரலில் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். கூரையில் போட்ட ஒவ்வொரு துளையையும் குழாயில் தண்ணீர் பீய்ச்சிச் சோதித்த பிறகே பணத்தின் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

பத்தாம் படி: காகிதங்கள்

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், மத்திய அரசின் 2004ஆம் ஆண்டு அறிவிக்கையில் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் இருக்கிறது. மோட்டார் கேரவன் என்பது போக்குவரத்து வாகனப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே எந்தப் பெயரில் பதிவாகிறது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யுங்கள். வரி, தகுதிச்சான்று, காப்பீடு எல்லாம் அதைப் பொறுத்து மாறும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இருக்கிறது. கரூரிலோ வேறெங்கோ பாடி கட்டும் பட்டறைக்குப் போனால், விலையைக் கேட்பதற்கு முன் அந்தத் தரநிலையின்படி ஒப்புதல் பெற்றிருக்கிறார்களா, ஆர்.சி.யில் கேம்பர் வேன் என்று மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். “அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்” என்று பதில் வந்தால் அந்தப் பட்டறை வேண்டாம். விபத்து நடந்த அன்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும்.

ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக வாகன உரிமமே போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அந்த எடைக்குள் உள்ள போக்குவரத்து வாகனங்களுக்கும் இது பொருந்தும் என்றது. செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குப் போய் 12 மாதங்களுக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும்.

நிலையான முகவரி ஒன்று எப்போதும் தேவை. பெற்றோர் வீட்டு முகவரியில் ஆதார், வங்கி, வாக்காளர் அட்டை எல்லாம் இருக்கட்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கைப்பெட்டியில் வையுங்கள். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். மூத்த குழந்தைக்கு ஆறு வயது நிறையும்போது பள்ளிக்கூடம் இருக்கும் ஊரை ஒட்டியே உங்கள் முதல் படிப் பட்டியலைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

பதினோராம் படி: பழைய வண்டி வாங்குவதென்றால்

சுற்றுலா வேன்களும் பள்ளி வேன்களும் நிறைய விற்பனைக்கு வருகின்றன. கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியை உப்புக்காற்று தின்றிருக்கும். படிக்கட்டின் அடி, சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு, கூரையின் மழைநீர்க் காடி ஆகிய நான்கிலும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்த அடிப்பாகத்தைச் சந்தேகியுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அறிய, பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை பாருங்கள், இருக்கைத் தண்டவாளத்தில் வண்டல் இருக்கிறதா பாருங்கள், டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள வயர் முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா பாருங்கள். மஞ்சள் பலகை வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வரிபாக்கி இல்லை என்ற சான்றும் தேவை. அவை விற்பவரின் கையில் வந்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பணத்தைப் பிரிக்கும்போது ஐந்தில் ஒரு பங்கை எதற்கும் தொடாமல் வையுங்கள். முதல் ஆறு மாதத்தில் டயர், பேட்டரி, மறு மரவேலை என்று அது கண்டிப்பாகச் செலவாகும்.

பன்னிரண்டாம் படி: ஒத்திகை

வாங்குவதற்கு முன் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் வாழுங்கள். குளுமையான தை மாதத்தில் வேண்டாம். சித்திரையில் எடுங்கள், முடிந்தால் ஐப்பசியில் மறுபடியும் எடுங்கள். சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். வழக்கமான வேலைநாளைப்போல் சமைத்து, துவைத்து, வேலை பார்த்து, குழந்தையை மதியம் தூங்கவைத்துப் பாருங்கள். துவைத்த துணி எங்கே காய்ந்தது, கனமான வாளியைத் தூக்கியது யார், இருவரும் ஒரே நேரத்தில் கைபேசியில் பேச வேண்டியபோது யார் வெளியே போனார் என்று தினமும் இரவு எழுதிவையுங்கள். கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் தொட்டியை நிரப்பாமல், வெளிமின்சாரம் எடுக்காமல் இருங்கள். ஒரு நாள் யாருக்கோ காய்ச்சல் என்று வைத்துக்கொண்டு நள்ளிரவில் படுக்கையைக் கலைக்காமல் வண்டியை எடுக்க முடிகிறதா, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு அதன் பிறகு வண்டி விற்பனையாளரிடம் போங்கள். எத்தனை லிட்டர், எத்தனை யூனிட், எத்தனை கிலோ, எத்தனை இருக்கை என்று நீங்களே சொல்லிக் கேட்பீர்கள்.